ஓரத்தில் எழுதிய 'தவறு'

எழுத்தம்மாவிடம் சாவுச் செய்தி சொல்ல வருகிறவர்கள் வாசலுக்கு வருமுன்பே தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். துக்கம் அடைப்பதால் அல்ல, அவள் கேட்கப்போகிற கேள்வியை நினைத்து.

"அப்பா புறப்பட்டுட்டாரும்மா" என்று ஒருவன் ஆரம்பிப்பான்.

"எங்கே?"

"அதில்லம்மா... போய்ச் சேர்ந்துட்டாரு."

"எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாரு?"

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டா எப்படிம்மா? தவறிட்டாரு."

"செத்துட்டாரா?"

வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்பான். அதற்குப் பிறகுதான் அவள் பேனாவை மைக்கூட்டில் தொடுவாள். "இதை முதல்லயே சொன்னா என்ன? உட்காரு. ஏதாவது சாப்பிட்டியா? வெறும் வயித்தோட அலைஞ்சு நீயும் படுத்துடாதே. சரி, சொல்லு. காய்ச்சலா? வயிறு போச்சா? வீட்டுல வேற யாருக்காவது அந்த மாதிரி இருக்கா?"

இப்படி விசாரித்து எழுதுகிறவளை ஊர் சும்மா விடுமா? எதிரில் நின்றால் 'எழுத்தம்மா', முதுகைத் திருப்பினால் 'எமன் கணக்கு'. அவள் தெருவில் நடந்துபோனால் இருமிக்கொண்டிருக்கிற கிழவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அவளுக்கு இது தெரியும். "பேர் வச்சவன் சாகும்போதும் நான்தானே எழுதணும், அப்ப பார்த்துக்கறேன்" என்பாள்.

பதிவு அறை பொதுக்கிணற்றுக்கு எதிரில் இருந்தது. முன்பு உர மூட்டை அடுக்கிய இடம். எவ்வளவு கழுவித் தள்ளினாலும் மழை நாளில் பழைய வாடை எழுந்து மூக்கைத் துளைக்கும். ஒரு மேசை, அதில் ஒரு கால் குட்டை, அடியில் உடைந்த ஓட்டுச் சில்லு. கரையானுக்குப் பயந்து பதிவேடுகளைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். பச்சை அட்டை பிறப்புக்கு, கறுப்பு அட்டை இறப்புக்கு. நடுவில் கட்டிய சேலைத் திரைக்கு அந்தப்பக்கம் அவளுடைய கட்டில், அடுப்பு, இரண்டு பாத்திரம். வீடும் அதுதான், அலுவலகமும் அதுதான்.

மழுப்பலாகச் சொல்லும் சொல் மேல் அவளுக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், அந்த மாதிரி ஒரு சொல் அவள் வாழ்க்கையைத் தின்றிருந்தது.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பது, பிறந்த பிள்ளையைத் துடைத்துத் தாயின் மார்பில் போடுவது எல்லாம் அங்கே கற்றது. எழுத்தும் அங்கேதான் கற்றாள், மருந்து பாட்டில்களில் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பார்த்து. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் புருஷன் அணை கட்டும் வேலைக்குத் தூரதேசம் போனான். ஒரு கோடையில் அங்கிருந்து யாரோ யாரிடமோ சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, ஊருக்கு வந்து சேர்ந்த செய்தி ஒரே ஒரு சொல். "போயிட்டான்."

அவ்வளவுதான். செத்துப்போனானா, ஓடிப்போனானா, வேறு வேலைக்குப் போனானா? "என் மகன் எங்கேயோ பிழைக்கப் போயிருக்கான், வருவான்" என்றாள் மாமியார். "எவளோடயோ போயிருப்பான்" என்றான் கொழுந்தன், சொல்லிவிட்டு அண்ணன் பேரில் இருந்த வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். இறந்தான் என்று காகிதம் கொடு, உன் பங்கைத் தருகிறேன் என்றான். காகிதத்துக்கு அவள் எங்கே போவாள்? தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். போனாள், போனாள், வாசல் காவலாளி "வாம்மா தங்கச்சி" என்று உறவு கொண்டாடும்வரை போனாள். அப்போது ஊர்ப்புறங்களில் பிறப்பையும் சாவையும் யாரும் எழுதிவைப்பதில்லை. வெள்ளம் வந்த வருஷம், பாலம் உடைந்த வருஷம் என்று சொல்லுவார்கள். பாலத்தை மறந்தவர்கள் பிள்ளையின் வயதையும் மறந்துவிடுவார்கள்.

கடைசியில் கூட வேலைபார்த்த ஒருவன் ஊர்ப்பக்கம் வந்தபோது சொன்னான்: "காய்ச்சல்ல செத்தாரு அக்கா. நான்தான் மண்ணள்ளிப் போட்டேன்." அன்றைக்கு அவள் அழுதாள். செத்ததற்குப் பாதி, 'செத்தார்' என்று ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொன்னதற்குப் பாதி.

வீடு கடைசிவரை வரவில்லை. வேலை வந்தது. கிராமங்களில் பதிவேடு வைக்கச் சட்டம் வந்தபோது, இவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்த அதிகாரி, "எழுதத் தெரியுமா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மனு எழுதி எழுதியே கையெழுத்து அழகாயிடுச்சுங்க."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "முதல் வரியில என் வீட்டுக்காரரை எழுதிக்கலாமா?" என்று கேட்டாள். எல்லைக்குள் செத்தவர்களை மட்டும்தான் எழுதலாம் என்றார். சரி என்று வந்துவிட்டாள். அதைப் பற்றி மறுபடி யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் தன் கறுப்பு அட்டைக்குள் 'போனார்', 'தவறினார்', 'காலமானார்' எதையும் விடுவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டாள். இறந்தார் என்றால் இறந்தார்.

சாவை எழுதுவதாவது பரவாயில்லை, மறைக்க முடியாது. பிறப்பை எழுதத்தான் பெரும்பாடு. பொழுது விடிந்தால் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"எழுதினா பிள்ளைக்குக் கண்ணு பட்டுடும்மா."

"எழுதறதுக்கும் கண்ணுக்கும் என்ன? என் கண்ணு புஸ்தகத்துலதான் இருக்கும்."

"தலைக்கு இவ்வளவுன்னு வரி போடத்தானே எண்ணுறீங்க?"

"உன் வீட்டு ஆட்டை எண்ணினாலாவது வரி கிடைக்கும். இந்தச் சளி மூக்கை எண்ணி யாருக்கு என்ன லாபம்? பேரைச் சொல்லு."

"பொட்டப்பிள்ளைதானே, அதையுமா எழுதணும்?"

"ஏன், அது மட்டும் வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். எழுதி என்ன ஆகப்போகிறது? அதற்கு அவள் வைத்திருந்த பதிலும் ஒன்றுதான். "கேக்கற நாள் வரும். அன்னைக்கு உன் வாய் பேசாது, காகிதம் பேசும்." இதைச் சொல்லும்போது அவளுக்கே உள்ளூர முழு நம்பிக்கை இருந்ததா என்றால், சொல்ல முடியாது.

தாமாகவே வந்து எழுதியவர்களில் முதலாவதாக வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி சூளை மேஸ்திரியின் மனைவி. மற்றவள் கூடை பின்னுகிறவள். ஓட்டுச் சூளைக்கு மண் சுமக்கிற கூடைகளெல்லாம் அவள் கைவேலை. மேஸ்திரியம்மாவுக்கு ஆண், கூடைக்காரிக்குப் பெண், ஒரே வாரத்தில் பிரசவம். மேஸ்திரியம்மாவுக்குப் பால் இறங்கவில்லை. பிள்ளை கத்திக் கத்தி நீலம்பாரித்தபோது கூடைக்காரிதான் ஒரு பக்கம் தன் மகள், மறுபக்கம் இவள் மகன் என்று பசியாற்றினாள். அந்தச் சிநேகத்தில் இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

எழுத்தம்மா முதலில் மேஸ்திரி மகனை எழுதினாள். பெயர், தகப்பன் பெயர், 'ஆண்'. அடுத்த வரியில் கூடைக்காரியின் மகளைத் தொடங்கினாள். அந்தச் சமயம் பார்த்து மேஸ்திரியம்மா, கை வலிக்கிறது என்று மகனை மேசைமேல் கிடத்தினாள். அவன் வந்த வேலையை முடித்துவிட்டான். பதிவேட்டின் மேல், மூத்திரம் வில்லாக வளைந்து.

"ஐயோ, தூக்குடி! தூக்குடி அவனை!"

மேஸ்திரியம்மா பிள்ளையைத் தூக்க, கூடைக்காரி முந்தானையால் ஒற்ற, எழுத்தம்மா பதிவேட்டைத் தூக்கி உதற, மூவரும் சிரித்து மூச்சு வாங்கி மறுபடி உட்கார்ந்தபோது, எழுத்தம்மாவின் கை மேல்வரியைப் பார்த்தபடியே பெண் குழந்தைக்கும் 'ஆண்' என்று எழுதிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதை அடித்து, மேலே 'பெண்' என்று எழுதி, அடித்தது தான்தான் என்று தெரிய ஓரத்தில் ஒரு சொல் எழுதிக் கையெழுத்திட்டாள். 'தவறு'.

பக்கம் காய்ந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை தங்கிவிட்டது. வருஷக் கடைசியில் பதிவேடுகள் தாலுகா அலுவலகத்துக்குப் போய், நகல் எழுதப்பட்டுத் திரும்பி வந்தன. சான்றிதழ் கேட்டால் அந்த நகலைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், முத்திரை அங்கேதான் இருந்தது. ஆனால் ஒன்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை.

ஒன்பது வருஷத்தில் கூடைக்காரியின் மகள் மூங்கில் மாதிரி வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில்தான் உட்காரவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர்களுக்குப் பலகை தெரியாது. ஊரே அவளை நெட்டச்சி என்றது. பேசினால் வெடுக்கென்று பேசுவாள். படிப்பு நன்றாக வந்தது. கணக்கை விரல் விடாமல் போடுவாள்.

சூளையும் வளர்ந்திருந்தது. ஆள் போதவில்லை. பன்னிரண்டு வயது முடியாத பிள்ளைகளைச் சூளையில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. வயதுக்குச் சான்று இருந்தால் சான்று, இல்லாவிட்டால் பொறுப்பானவர் மதிப்பிடலாம் என்று அதே சட்டம் ஒரு சந்தும் விட்டிருந்தது. மேஸ்திரி அந்தச் சந்தில் ஒரு கோடு போட்டார். சூளைக் கதவில், சுண்ணாம்பால். பிள்ளையைக் கதவோரம் நிற்கவைப்பார். தலை கோட்டைத் தொட்டால் பன்னிரண்டு.

நெட்டச்சி ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனாள். அப்பா சூளையில் நெருப்புப் போடுகிறவன். மேஸ்திரி அவளைக் கூப்பிட்டுக் கதவோரம் நிறுத்தினார். கோட்டுக்கு மேல் நாலு விரல் இருந்தது.

"பன்னிரண்டு என்ன, பதிமூணே சொல்லலாம். திங்கக்கிழமையிலேர்ந்து அனுப்பு" என்றார் அப்பனிடம்.

அன்று மாலை கூடைக்காரி, பின்னிக்கொண்டிருந்த கூடையைப் பாதியில் போட்டுவிட்டு எழுத்தம்மாவிடம் ஓடிவந்தாள். பின்னாலேயே புருஷன்.

"அக்கா, எனக்கு அந்தக் காகிதம் வேணும்."

"உட்காரு. மூச்சு வாங்கு. எந்தக் காகிதம்?"

"நீங்க சொன்னீங்களே, கேக்கற நாள் வரும்னு. வந்துடுச்சு."

புருஷன் வாசல் நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றான். "நான் வேணாம்னு சொன்னா, அப்ப உனக்கும் வேணாமாடான்னு மேஸ்திரி கேப்பாருக்கா. நான் என்ன பண்ண?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள் எழுத்தம்மா. "வாயை மூடிக்கிட்டு இரு. அது உனக்கு நல்லா வரும். உன் நெஞ்சுக்குள்ள அந்தப் புகை பண்ற வேலை எனக்குக் கேக்குது. ராத்திரியில இருமறதானே?"

பதிலுக்கு அவன் இருமினான்.

மனு அடுத்த நாளே போயிற்று. வெகு சீக்கிரமாகப் பதிலும் வந்தது, தபால்காரர் கொண்டுவந்து நீட்டினார். கூடைக்காரி, அவள் புருஷன், கிணற்றடியில் நின்ற நாலு பேர், எல்லோரும் கூடிவிட்டார்கள். எழுத்தம்மா உறையைக் கிழித்தாள். இத்தனை வருஷமாக ஊருக்குச் சொல்லிவந்த வாக்கு, முதல் முறையாகப் பலிக்கப்போகிறது. சத்தமாகவே படித்தாள்.

"மேற்படி பெண் குழந்தை பிறந்த பதிவில், குழந்தை தவறியது எனக் குறிப்பு உள்ளது. ஆகவே சான்று வழங்க இயலாது."

எழுத்தம்மா அதை மறுபடி தனக்குள் படித்தாள். பிறகு கிணற்றடியில் எவனோ சிரித்தான். "எமன் கணக்குக்கே கணக்குத் தப்பிப்போச்சு!"

நெட்டச்சி அம்மாவின் தோளுக்கு மேலாகக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "நான் செத்துட்டேனா?"

"வாயைக் கழுவு" என்று கூடைக்காரி அவளை ஒரு அடி வைத்தாள். வைத்துவிட்டு அந்த இடத்தைத் தானே தடவினாள்.

செய்தி சூளைக்குப் போய்ச் சேரச் சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை. மேஸ்திரி சொன்னாராம்: "செத்த பிள்ளைக்கு வயசு யாருக்குத் தெரியும்? கோடுதான். திங்கக்கிழமை வரட்டும்."

எல்லோரும் போனபிறகு எழுத்தம்மா தகரப்பெட்டியைத் திறந்தாள். பச்சை அட்டையை எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, கறையைப் பார்த்தாலே தெரிந்தது. விரலை வரியில் ஓட்டினாள். அடித்த 'ஆண்'. மேலே 'பெண்'. ஓரத்தில் தன் கையெழுத்து, அதன் மேல் 'தவறு'.

விஷயம் விளங்கிவிட்டது. தன் புத்தகத்தில் யாரையும் 'தவற' விடக் கூடாது என்று இத்தனை காலம் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தவள், ஓரத்தில் தானே ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறாள். நகல் எழுதியவர் யாரோ மரியாதை தெரிந்த மனுஷர். 'தவறு' என்று மொட்டையாக இருந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் 'குழந்தை தவறியது' என்று பதமாக எழுதிவிட்டிருக்கிறார்.

அவள் சிரித்தாள். பிறகு தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பிறகு செருப்பை மாட்டினாள். பதிவைத் திருத்தவேண்டுமென்றால் விதி என்ன என்று அவளுக்குத் தெரியும். பிறப்பை நேரில் அறிந்த சாட்சி வேண்டும். எழுதியவளும் கூடாது, பெற்றவர்களும் கூடாது. அப்படி ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

மேஸ்திரியம்மா சமையலறையில் முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். எழுத்தம்மா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள், வேண்டியதைக் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரருக்கு எதிரா நிக்கணும். யோசிச்சுச் சொல்லு."

"எதிரா என்ன எதிரா? நடந்ததைச் சொல்றதுக்கு எதிரும் புதிரும் எதுக்கு?" என்றாள் மேஸ்திரியம்மா. ஆனாலும் முறம் நின்றுவிட்டது. "அவரு கத்துவாரே அக்கா."

"கத்துவாரு."

"கத்தட்டும். ஆனா சாப்பிடாமப் படுத்துக்குவாரு. அதுதான் எனக்குத் தாங்காது."

அந்த நேரம் பார்த்து மேஸ்திரியே உள்ளே வந்தார். கால் கழுவி, துண்டை எடுத்துத் துடைத்து, எழுத்தம்மாவைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினார். "என்ன, எங்க வீட்டுல யாரும் சாகலையே?"

"இன்னும் இல்லை" என்றாள் எழுத்தம்மா.

மேஸ்திரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, நெட்டச்சிக்கு என்ன வயசு?"

"பன்னிரண்டு. கதவுல பார்த்தேன்."

"அவ பிறந்த அதே வாரம்தான் நம்ம பையன் பிறந்தான். அவளுக்குப் பன்னிரண்டுன்னா இவனுக்கும் பன்னிரண்டு. திங்கக்கிழமை ரெண்டு பேரையும் சேர்த்தே கூட்டிட்டுப் போங்க. மண்ணு சுமக்கட்டும்."

"அவன் படிக்கற பையன்டி!"

"அவளும்தான் படிக்கிறா. இவனைவிட நல்லா. வீட்டுப்பாடக் கணக்கை இவன் யார்கிட்ட கேட்டுப் போடறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேஸ்திரி துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "காகிதம் இருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்? அவங்க ஆபீஸே செத்துட்டான்னு எழுதியிருக்கு. எனக்கு ஆளு வேணும், முதலாளி இத்தனை ஓடு வேணும்னு எனக்குக் கோடு போடறான். காகிதம் கொண்டாங்க, பார்க்கலாம்."

"கொண்டாரோம்" என்றாள் மேஸ்திரியம்மா. "நாளைக்கு ஓட்டு லாரி டவுனுக்குப் போகுதில்ல? அதுல நாங்க போறோம். டிரைவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. சோறு எடுத்து வைக்கட்டுமா?"

அவர் சாப்பிடவில்லை என்று கேள்வி. ஆனால் டிரைவரிடம் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை ஓட்டு அடுக்கின்மேல் வைக்கோல் பரப்பி நாலு பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். எழுத்தம்மா பச்சை அட்டையைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தாள். குண்டும் குழியுமான சாலை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நெட்டச்சி, "நான் செத்தாலும் பரவாயில்ல, ஓடு உடையக் கூடாது, அப்பா சம்பளத்துல பிடிப்பாங்க" என்று சொல்லிச் சிரிப்பு மூட்டிக்கொண்டு வந்தாள். சிரிக்காதவள் கூடைக்காரி ஒருத்திதான். அவள் கை மகளின் பாவாடை நுனியைப் பிடித்தது பிடித்தபடியே இருந்தது.

நகல் குமாஸ்தா ஒல்லியாக, சட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டவர். அவரைச் சுற்றிக் கூரைவரை துணிக்கட்டு, பசை வாடை. இவர்களைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்கம்மா, உட்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். எழுத்தம்மாவுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இவர்தான்.

காகிதத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இந்தப் பிள்ளை தவறிப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா, படிக்கும்போதே மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. பெத்தவங்களா நீங்க?" என்று கூடைக்காரியைப் பார்த்துக் கையைக் குவித்தார்.

"செத்தது நான்தாங்க" என்றாள் நெட்டச்சி. "வேணும்னா கிள்ளிப் பாருங்க."

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, பதிவேட்டின்மேல் குனிந்தார். அடித்த சொல்லைப் பார்த்தார். மேலே எழுதியதைப் பார்த்தார். ஓரத்தைப் பார்த்தார். அவர் காது சிவந்துகொண்டே வந்தது.

"தப்புன்னு சொல்றதுக்கா 'தவறு'ன்னு போட்டீங்க?"

"பின்னே?"

"நான்... எங்க வீட்டுல செத்தான்னு சொன்னா எங்கம்மா வாயிலேயே ஒண்ணு போடுவாங்கம்மா. நீங்க வெறும் 'தவறு'ன்னு போட்டிருந்தீங்க. பச்சைப் பிள்ளையாச்சேன்னு நான்தான் கொஞ்சம் மரியாதையா..."

"உங்க மரியாதை எங்க பிள்ளையைக் கொன்னுடுச்சு."

"நீங்க 'பிழை'ன்னு எழுதியிருக்கலாமேம்மா."

எழுத்தம்மா ஓரத்துச் சொல்லை மறுபடி பார்த்தாள். எழுதியிருக்கலாம்தான். அந்த அறையில் அதற்கு மேல் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

குமாஸ்தா திருத்தப் படிவத்தை எடுத்தார். சாட்சி யார் என்று கேட்டார். மேஸ்திரியம்மா முன்னால் வந்தாள்.

"இந்தக் குழந்தை பிறந்த நாள் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் மகன் பிறந்த வாரம். எனக்குப் பால் இல்ல. அவன் குடிச்சது இவளோட பங்கு. எழுதவந்த அன்னைக்கு நானும் அங்கேதான் இருந்தேன்."

"அன்னைக்கு இருந்தீங்கன்னு..." குமாஸ்தா தயங்கினார். விரல் பக்கத்தின் ஓரத்தில் இருந்த மஞ்சள் கறைமேல் நின்றது. "இது என்னம்மா? எண்ணெயா?"

"அது என் மகன் போட்ட கையெழுத்து" என்றாள் மேஸ்திரியம்மா.

குமாஸ்தா விரலை மெதுவாக எடுத்துக்கொண்டார். நெட்டச்சி சிரித்ததில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கூடைக்காரியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மேஸ்திரியம்மா பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்தாள். அதிகாரி மேலே கையெழுத்துப் போட்டார், முத்திரை விழுந்தது. ஆனால் எழுத்தம்மா எழுந்திருக்கவில்லை. பச்சை அட்டையை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கியிருந்தாள். கைத்தவறு யாருக்குத்தான் வராது? அவளுக்கும் பல பக்கத்தில் வந்திருந்தது. அத்தனை ஓரத்திலும் அதே சொல்தான்.

"ஐயா, அந்த நகலை எடுங்க. நாம ரெண்டு பேருமா இன்னும் யார் யாரைக் கொன்னிருக்கோம்னு பார்த்துடலாம்."

பார்த்தார்கள். சைக்கிள் கடைக்காரரின் மகன், பால்காரியின் மகள், வண்டிக்காரர் வீட்டு இரட்டையரில் ஒன்று. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஊரில் யார் எப்போது பெற்றாள் என்பது மேஸ்திரியம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேட்கக் கேட்க, எந்த மழையில், யார் வெந்நீர் வைத்தாள், எவள் எவ்வளவு கத்தினாள் என்பதுவரை சொன்னாள். அன்று பகல் முழுக்க அந்த மேசையில் பிள்ளைகள் உயிர்பெற்று எழுந்தவண்ணம் இருந்தார்கள். குமாஸ்தா தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து நாலு பேருக்கும் பங்கு வைத்தார்.

திங்கட்கிழமை காலை, சூளைக்கு ஆட்கள் போகிற நேரத்தில், நெட்டச்சி புத்தகப் பையோடு கதவருகே நின்றாள். சான்றிதழை அவளே நீட்டினாள். மேஸ்திரி வாங்கி, வெளிச்சத்துக்குக் காட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பெண். கீழே குமாஸ்தா ஒரு வரி சேர்த்திருந்தார். அப்படி ஒரு வரி எழுத எந்த விதியும் சொல்லவில்லை, அவருக்கு மனசு கேட்கவில்லை. 'மேற்படி பெண் நலமாக இருக்கிறாள்.'

மேஸ்திரி அந்த வரியை மறுபடி படித்தார்.

"நலமா இருக்கியாம்."

"ஆமா மாமா."

"எங்க வீட்டுக்காரியும் நாலு நாளா ரொம்ப நலமா இருக்கா. நான்தான் இளைச்சுட்டேன்." காகிதத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். "போ, போ. மணி அடிக்கப்போறான். எங்க பையன் கணக்கைச் சரியா போட்டானான்னு பாரு."

அப்பன் உள்ளே நெருப்பு வாயருகில் நின்றபடி மகள் போவதைப் பார்த்தான். விறகைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் நேராக நிமிர்ந்து நின்றான்.

கதவில் கோடு அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி எழுத்தம்மாவிடம் ஒருத்தி வந்து முறையிட்டபோது, "கோட்டை அழிக்கற அதிகாரம் எனக்கு இல்ல. உன் பிள்ளையை எழுதற அதிகாரம் இருக்கு. எங்கே அவன்?" என்றாள். அவன் வெளியே ஓணான் துரத்திக்கொண்டிருந்தான். அவளுக்குப் பின்னால் கிணற்றடிவரை பெண்கள் நின்றார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி இன்னொன்று.

"எப்ப பிறந்தான்?"

"பாலம் உடைஞ்ச வருஷம் அக்கா."

"பாலம் ரெண்டு தடவை உடைஞ்சுது. எந்த உடைச்சல்?"

"அவனைக் கேளுங்க" என்றாள் அவள். "என்கிட்ட ஏன் கேக்கறீங்க, பெத்த மயக்கத்துல நான் பாலத்தைப் பார்த்தேனா?"

எழுத்தம்மா மேஸ்திரியம்மாவைக் கூப்பிட்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினாள். பேனாவை மைக்கூட்டில் தொட்டாள். மேசையின் ஓரத்தில், தன் கண்ணில் படும்படி, ஒரு காகிதத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். அதில் ஒரே சொல். 'பிழை'.

"எந்தப் பிள்ளையும் மேசை மேல ஏறக் கூடாது" என்று வரிசையைப் பார்த்துச் சத்தம்போட்டாள். "ம், அடுத்த ஆள் வா. பேரைச் சொல்லு."